பிள்ளை பார்ப்பவரை யார் பார்ப்பது?

கலிஃபோர்னியாவில் வீட்டிலேயே டே கேர் நடத்தும் நம் பெண்களும், அங்கே பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்கு ஓடும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகள் இவை. நானும் பதினோரு வருடம் என் வீட்டு ஹாலில் பிள்ளைகளைப் பார்த்தவள். இப்போது அதே வேலையைச் செய்பவர்களின் வீடு தேடிப் போய்க் கைகொடுக்கும் ‘கோச்’ நான்.

ஃப்ரீமான்ட் வாசகி: என் மகனோடு சேர்த்துப் பக்கத்து வீட்டுக் குழந்தையையும் பார்த்துக்கொள்கிறேன். இதற்கெல்லாமா லைசென்ஸ்?

உங்கள் பிள்ளையோடு வேறு ஒரே ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் என்றால் வேண்டாம். இரண்டாவது குடும்பம் வாசல்படி ஏறுகிற நாளில் வேண்டும்.

சான் ஹோசே வாசகி: எத்தனை பிள்ளைகளை எடுக்கலாம்? ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள்.

சிறிய லைசென்ஸுக்கு 6. அதில் இரண்டு வயது நிரம்பாதவர்கள் 3 பேருக்கு மேல் கூடாது. பள்ளிக்கூடம் போகிற வயதில் இருவர் இருந்தால், வேறு சில நிபந்தனைகளோடு 8 வரை ஏறலாம்; அப்போது கைக்குழந்தைகள் 2 பேர்தான். உதவிக்கு ஆள் வைத்துப் பெரிய லைசென்ஸ் வாங்கினால் 12, நிபந்தனைகளோடு 14. ஆளுக்கொரு எண் காதில் விழுந்தது இதனால்தான். உங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பத்து வயது ஆகும்வரை அவனும் இந்தக் கணக்கில் உண்டு. இதை மறந்துவிட்டு ஆறு பேரிடம் முன்பணம் வாங்கிய பெண்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு தாயைக் கூப்பிட்டு இடமில்லை என்று சொல்வதற்குள் அவர்கள் பட்ட பாடு பெரிது. முதல் இரண்டு மாதம் மூன்று பிள்ளைகளோடு நிறுத்துங்கள். அழுகை, பால், டயப்பர், தூக்கம் எல்லாம் எந்த நேரத்தில் முட்டிக்கொள்கின்றன என்பது அதற்குள் பிடிபட்டுவிடும்.

கூப்பர்டீனோ வாசகி: எச்-4 விசாவில் இருக்கிறேன். வீட்டுக்குள்ளே செய்வதுதானே, டே கேர் நடத்தலாமா?

வீட்டுக்குள் செய்தாலும் வேலை வேலைதான். வேலை அனுமதி அட்டை இல்லாமல் தொடங்காதீர்கள். 2015 மே மாதத்திலிருந்து எச்-4 மனைவியருக்கும் கணவருக்கும் அந்த அட்டை கிடைக்க வழி இருக்கிறது; ஆனால் எல்லோருக்கும் இல்லை. கிரீன் கார்டு விண்ணப்பத்தில் துணைவருக்கு ஐ-140 ஒப்புதல் ஆகியிருக்க வேண்டும், அல்லது அவருடைய எச்-1பி ஆறு வருடத்துக்கு மேல் நீட்டிக்கப்பட்டிருக்க வேண்டும். குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசச் செலவழியுங்கள். காத்திருக்கும் காலத்தில் கம்யூனிட்டி காலேஜில் குழந்தை வளர்ச்சிப் பாடம் எடுத்து வையுங்கள்; அட்டை கைக்கு வரும் நாளில் நீங்கள் பாதி வழி வந்திருப்பீர்கள்.

சான்டா கிளாரா வாசகி: வாடகை வீடு. வீட்டுக்காரர் கூடாது என்கிறார்.

அவரால் மறுக்க முடியாது. 2019-இல் நிறைவேறி 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த எஸ்.பி. 234 சட்டப்படி, லைசென்ஸ் பெற்ற வீட்டு டே கேர் குடியிருப்புப் பயன்பாடாகவே கருதப்படும். தொடங்குவதற்கு 30 நாள் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. முன்பணத்தைச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு உயர்த்திக் கேட்பது அவர் உரிமை. கடிதத்தைக் கையில் கொடுக்கும்போது ஒரு பிரதியில் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். சண்டை வேண்டாம், அதே வீட்டில்தான் தினமும் பிள்ளைகளோடு இருக்கப்போகிறீர்கள்.

டப்ளின் வாசகி: ஊரிலிருந்து மாமியார் ஆறு மாதம் வருகிறார். எனக்கு உதவிக்கு வைத்துக்கொள்ளலாமா?

சுற்றுலா விசாவில் வருபவர் வேலை செய்யக்கூடாது. சம்பளம் தராவிட்டாலும் எண்ணிக்கைக்கு உரிய உதவியாளராக அவரைக் காட்டாதீர்கள். இன்னொன்றும் இருக்கிறது. டே கேர் நடக்கும் வீட்டில் தங்கும் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் கைரேகைச் சோதனை கேட்பார்கள். அதனால் அவருக்கு டிக்கெட் போடுவதற்கு முன்பே உங்கள் லைசென்ஸிங் அலுவலரைக் கேட்டு, அவர் சொன்னதை எழுதி வையுங்கள். மாமியாரின் தாலாட்டும் கதையும் உங்கள் சொந்தப் பிள்ளைக்குக் கிடைக்கட்டும்.

மில்பிடாஸ் வாசகி: எட்டு மாதக் குழந்தை தொட்டிலில் படுக்கவே மாட்டேன் என்கிறது. அதன் வீட்டில் தூளியாம். நானும் புடவையில் தூளி கட்டலாமா?

கட்டாதீர்கள். என் இரண்டு பிள்ளைகளும் தூளியில் வளர்ந்தவர்கள். அதன் சுகம் தெரிந்துதான் சொல்கிறேன். டே கேரில் கைக்குழந்தை தூங்க வேண்டியது சமமான, கெட்டியான மெத்தையுள்ள கிரிப்பில், அல்லது பிளே யார்டில். ஒரு வயது வரை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். போர்வை, தலையணை, பொம்மை எதுவும் உள்ளே கூடாது. தூளியில் குழந்தையின் உடல் வளைந்து தாடை நெஞ்சில் அழுந்தினால் மூச்சுக்குழாய் அடைபடலாம். நம் ஊரில் தூளி பக்கத்திலேயே யாராவது ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். நீங்களோ ஐந்து பிள்ளைகளுக்கு நடுவில் தனி ஆள். குழந்தைகளை மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லி அமெரிக்காவில் 1994-இல் பிரசாரம் தொடங்கிய பிறகு, தூக்கத்தில் நேரும் திடீர்ச் சிசு மரணங்கள் பாதியாகக் குறைந்தன. ஆகவே இந்த ஒரு விதியில் நான் யாரோடும் சமாதானம் பேசுவதில்லை.

சரி, குழந்தையை எப்படித்தான் தூங்க வைப்பது? தாயிடம் பேசுங்கள். வீட்டில் பகல் தூக்கம் ஒன்றையாவது கிரிப்பில் பழக்கச் சொல்லுங்கள். நீங்கள் மடியில் வைத்து ஆட்டிப் பாடலாம், அதற்குத் தடை எதுவுமில்லை. கண் செருகும் நேரத்தில் கிரிப்பில் விட்டு, நெஞ்சில் கை வைத்தபடி அதே பாட்டைத் தொடருங்கள். என் அனுபவத்தில் பத்து நாள் ஆகும். நான்காம் நாள்தான் மிகக் கடினம், அன்று கைவிட்டுவிடாதீர்கள்.

அதே வாசகி: பிள்ளைகள் தூங்கும்போது நானும் கொஞ்சம் கண் அயரலாமா?

கூடாது. இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களை 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக் குறித்து வைக்க வேண்டிய நேரம் அது. காபி குடியுங்கள். சூடு ஆறும்வரை கோப்பை பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

சன்னிவேல் வாசகி: கோச் ஒருவரை அனுப்புவதாகக் கவுண்ட்டியிலிருந்து சொல்கிறார்கள். வீட்டைப் பார்த்துக் குறை கண்டுபிடித்து லைசென்ஸ்காரரிடம் போட்டுக்கொடுத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

இந்தப் பயம் எனக்கும் இருந்தது. உங்கள் கதவைத் தட்டுபவர்கள் மூன்று வகை. மாநிலச் சமூக சேவைத் துறையின் லைசென்ஸிங் ஆய்வாளர் சொல்லாமல் வருவார். விதி மீறியிருந்தால் எழுதிக் கொடுப்பார். பிள்ளைகளின் சாப்பாட்டுக்குப் பணம் தரும் அரசு உணவுத் திட்டத்தில் சேர்ந்திருந்தால் அதன் பிரதிநிதி வருடத்துக்குக் குறைந்தது மூன்று முறை வருவார். அதில் இரண்டு வருகை சொல்லாமல் இருக்கும். கோச் என்பவர் நீங்கள் சம்மதித்தால், உங்களுக்குத் தோதான நேரத்தில் வருவார். விதிமீறல் எழுதுவது அவர் வேலையில் சேராது. பிள்ளை ஒன்று ஆபத்தில் இருப்பதைக் கண்டால் மட்டும் எங்களால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. அதை நான் முதல் நாளே, செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவேன்.

கோச் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை என்பதும் உண்மை. முதலில் என் வீட்டுக்கு வந்தவர் நாற்பது நிமிடம் நின்றபடியே படிவத்தில் குறியிட்டார். ஏழுக்கு மூன்று என்று மதிப்பெண் போட்டார். எதனால் மூன்று, நாளைக் காலையில் எதை மாற்றுவது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று இரவு நான் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். அடுத்த வருடம் வேறு ஒரு அம்மா வந்தார். பையை ஓரமாக வைத்துவிட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அப்போது என் வீட்டில் இரண்டு வயதுப் பையன் ஒருவன் தினமும் மற்றவர்களைக் கடித்துக்கொண்டிருந்தான். ‘எத்தனை மணிக்குக் கடிக்கிறான்?’ என்று கேட்டார். நான் யோசித்ததே இல்லை. ஒரு வாரம் குறித்துப் பார்த்தேன். ஐந்து நாளும் பதினொன்றேகால் முதல் பதினொன்றரைக்குள். நான் சமையல் மேடைப் பக்கம் திரும்பும் நேரம் அது. அவனுக்குப் பசிக்கும் நேரமும் அதுவே. காய் நறுக்குவதை முந்தின இரவுக்கு மாற்றினேன். பதினொரு மணிக்குத் தண்ணீர்த் தொட்டியும் சின்னக் கிண்ணங்களும் வைத்தேன். இரண்டு வாரத்தில் கடி நின்றது. பையனுக்குப் ‘பொல்லாதவன்’ என்று விழ இருந்த பெயரும் விழாமல் போயிற்று.

மதிப்பெண் அளவுகோல் கெட்டது என்று சொல்ல வரவில்லை. வட கரோலினா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் வீட்டு டே கேருக்கென்றே 1989-இல் உருவாக்கிய அளவுகோல் அது. 2019-இல் மூன்றாம் வடிவம் வந்தது. புத்தகம் பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறதா, பிள்ளை பேசினால் பெரியவர் பதில் பேசுகிறாரா, கை கழுவுவது ஒழுங்காக நடக்கிறதா என்று அது கேட்பவை எல்லாம் நல்ல கேள்விகள். அவற்றைக் கேட்பவர் உங்களோடு தரையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். வருகிறவர் உட்காரவில்லை என்றால் வேறு ஒருவரைக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சான் ரமோன் வாசகர்: ஆயா வேலைக்கு இத்தனை பயிற்சி எதற்கு? என் பாட்டி ஒன்பது பிள்ளைகளை எந்தச் சான்றிதழும் இல்லாமல் வளர்த்தார்.

உங்கள் பாட்டியை வணங்குகிறேன். அவரோடு நாத்தனாரும் அத்தையும் பக்கத்து வீட்டு ஆச்சியும் இருந்தார்கள். காய்ச்சல் என்றால் யாரிடம் ஓடுவது, பேச்சு வராவிட்டால் யாரைக் கேட்பது என்பது அந்த முற்றத்திலேயே இருந்தது. இங்கே ஒருத்தி அத்தனை பேரின் அறிவையும் தனியாகச் சுமக்க வேண்டும். முதலுதவியும் உடல்நலப் பாதுகாப்புமாக லைசென்ஸுக்கு முன் 16 மணி நேரம் படிக்கச் சொல்கிறார்கள். போதாது என்பது என் கருத்து.

நல்ல கவனிப்பு என்ன செய்யும் என்பதற்கு ஒரு சான்று: மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாண்டி ஊரில் 1962-இல் பெர்ரி பாலர் பள்ளி ஆய்வு தொடங்கியது. ஏழைக் குடும்பங்களின் 123 பிள்ளைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் நல்ல பாலர் கல்வி கொடுத்தார்கள். நாற்பது வயதுவரை பின்தொடர்ந்து பார்த்தபோது, அந்தப் பிரிவினர் அதிகம் படித்திருந்தார்கள், அதிகம் சம்பாதித்தார்கள், குறைவாகச் சிறைக்குப் போயிருந்தார்கள். அந்த ஆசிரியர்கள் வாரம் ஒருமுறை பிள்ளையின் வீட்டுக்கே போய்த் தாயோடு உட்கார்ந்தார்கள் என்பதைப் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள். எனக்கு அந்த ஆய்வில் மிகப் பிடித்த இடம் அது.

ஃபால்சம் வாசகி: பெற்றோர் ‘ஆங்கிலத்திலேயே பேசுங்கள், கிண்டர்கார்டனுக்குத் தயாராக வேண்டும்’ என்கிறார்கள். எனக்குத் தமிழில்தான் பாட்டும் கதையும் வரும்.

தமிழிலேயே பேசுங்கள். நிறைய பேசுங்கள். இரண்டு மொழி கேட்டு வளரும் பிள்ளைக்கு அதனால் பேச்சு பின்தங்காது. பெரியவர் தனக்குத் தங்குதடையின்றி வரும் மொழியில் பேசும்போதுதான் கேலி, கொஞ்சல், கேள்வி, கதை எல்லாம் வரும். தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் ‘வா, உட்கார், சாப்பிடு’ மட்டும்தான் மிஞ்சும்.

பெற்றோர் யூடியூப் பாட்டு போடச் சொன்னால் அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பாட்ரீசியா குல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளிடம் சீன மொழி பேசுபவர்கள் 12 முறை உட்கார்ந்து விளையாடினார்கள், படித்துக் காட்டினார்கள். அந்தக் குழந்தைகள் சீன மொழியின் ஒலி வேறுபாடுகளைப் பிரித்தறிந்தார்கள். அதையே திரையில் பார்த்த குழந்தைகள் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. ஆள்தான் வேண்டும்.

ஃப்ரீமான்ட் இன்னொரு வாசகி: உணவுத் திட்டத்தில் சேர்ந்தால் பருப்பும் தயிரும் கணக்கில் வருமா, அல்லது கோழி வாங்க வேண்டுமா?

வரும். பருப்பு, கடலை, தயிர், டோஃபு எல்லாம் இறைச்சிக்கு மாற்றாக ஏற்கப்படும். அளவு மட்டும் வயதுக்கேற்ப இருக்க வேண்டும். 1968-இல் சோதனை முயற்சியாகத் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் இது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளில் இரண்டு சாப்பாடு, ஒரு சிற்றுண்டி என்ற அளவுக்குப் பணம் தருவார்கள். சுண்டல் செய்தால் சின்னப் பிள்ளைகளுக்கு மசித்துக் கொடுங்கள். முழுத் திராட்சை வேண்டாம்; நீளவாக்கில் வெட்டுங்கள்.

வாசகி, இர்வைன்: கண்மை தீட்டி, கன்னத்தில் பொட்டு வைத்து அனுப்புகிறார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும், அன்பாக. சில காஜல்களில் ஈயம் இருக்கிறது. குழந்தை கண்ணைக் கசக்கி விரலை வாயில் வைக்கும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது. கண்ணேறு கழிக்க வேண்டுமென்றால் வீட்டில் சாயங்காலம் சுற்றிப் போடச் சொல்லுங்கள்.

பிளசன்டன் வாசகி: இருபது மாதப் பையன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. எதையும் சுட்டிக் காட்டுவதில்லை. தாயிடம் எப்படிச் சொல்வது? கோபித்துக்கொண்டு பிள்ளையை நிறுத்திவிட்டால்?

நிறுத்தினாலும் நீங்கள் சொன்னது அவள் காதில் இருக்கும். சொல்லுங்கள்.

ஆனால் மாலை ஆறு மணிக்கு, கார் சாவி கையில் இருக்கும்போது வாசலில் வைத்துச் சொல்லாதீர்கள். தனியாக நேரம் கேளுங்கள். நோயின் பெயர் எதையும் வாயில் எடுக்காதீர்கள். அதற்கான தகுதி நமக்கில்லை. ஒரு வாரம் பார்த்ததை எழுதி வையுங்கள்: திங்கள் மூன்று முறை பெயர் சொன்னேன், திரும்பவில்லை, புதன் பின்னாலிருந்து கைதட்டினேன், திரும்பினான். பிறகு, ‘வீட்டில் எப்படி இருக்கிறான்?’ என்று முதலில் அவளைப் பேசவிடுங்கள். பல தாய்மாருக்கு ஏற்கெனவே தெரியும். இரவில் தனியாக அதை நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

அடுத்த படியைக் கையோடு கொடுங்கள். பெற்றோரே நிரப்பும் ‘ஏஜஸ் அண்ட் ஸ்டேஜஸ்’ வினாத்தாளை உங்கள் கோச்சிடம் கேட்டு வாங்கி இருவரும் சேர்ந்து நிரப்பலாம். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கலிஃபோர்னியாவில் ‘எர்லி ஸ்டார்ட்’ என்ற உதவித் திட்டம் இருக்கிறது. அவர்கள் பகுதியின் ரீஜனல் சென்டருக்குத் தாயே போன் செய்யலாம், டாக்டர் கடிதம் தேவையில்லை, மதிப்பீட்டுக்குக் கட்டணம் இல்லை. விண்ணப்பித்ததிலிருந்து 45 நாளுக்குள் மதிப்பிட்டுத் திட்டம் போட வேண்டும் என்பது சட்டம். காது சோதனையும் செய்யச் சொல்லுங்கள். நான் பார்த்த ஒரு பையனுக்குக் காதில் நீர் கோத்திருந்தது. இன்னொருவனுக்கு ஆட்டிசம். இருவருக்குமே சீக்கிரம் போனதால்தான் நல்லது நடந்தது.

திருச்சி வாசகி: என் மகள் எம்.டெக். படித்தவள். அங்கே வீட்டில் பிள்ளைகளைப் பார்க்கிறாளாம். உறவுக்காரர்களிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அம்மா, ‘என் மகள் பாலர் பள்ளி நடத்துகிறாள், அரசாங்க லைசென்ஸ் வாங்கியிருக்கிறாள்’ என்று சொல்லுங்கள். அவள்தான் அங்கே ஆசிரியை, சமையல்காரி, கணக்கர், முதலுதவிக்காரி. நாலு பெண்கள் கவலையில்லாமல் வேலைக்குப் போவது அவளால்தான். அடுத்த முறை பேசும்போது, ‘சாப்பிட்டாயா, முதுகு வலி எப்படி இருக்கிறது?’ என்று கேளுங்கள். நிச்சயம் வலி இருக்கும்.

எல்க் குரோவ் வாசகி: நாலு வயதுப் பிள்ளைகளை எல்லாம் பள்ளிக்கூடம் இலவசமாக எடுத்துக்கொள்கிறது. என் டே கேர் பிழைக்குமா?

2025-26 கல்வியாண்டு முதல் நாலு வயது நிரம்பிய எல்லோருக்கும் கிண்டர்கார்டனுக்கு முந்தைய டி.கே. வகுப்பு உண்டு. பிள்ளைகளுக்கு நல்லது, உங்கள் கணக்குக்கு அடி. கைக்குழந்தைகளை அதிகம் எடுக்க விதி இடம் தராததால் பெரிய பிள்ளைகளின் கட்டணம்தான் உங்களைத் தாங்கியது. ஆனால் பள்ளி மதியத்திலேயே விட்டுவிடும், கோடையில் மூடும். ஏழு மணிக்கு அலுவலகம் போகும் தாய் என்ன செய்வாள்? காலை, மாலை, கோடை விடுமுறைக்குத் தனிக் கட்டணப் பட்டியல் போடுங்கள். வேறு ஊரில் இதைச் செய்து சமாளிக்கும் பெண்களை எனக்குத் தெரியும். அதற்கு மேல் அரசாங்கம்தான் கைக்குழந்தைகளுக்கான உதவித்தொகையை உயர்த்த வேண்டும். இதை நான் எல்லாக் கூட்டத்திலும் கேட்கிறேன்.

வாசகர், ஃப்ரீமான்ட்: மனைவியின் டே கேர் கணக்கை நான் பார்க்கிறேன். ஹாலை நாங்களும் புழங்குகிறோம். வரியில் கழிக்க முடியாதாமே?

முடியும். மற்றத் தொழில்களுக்கு அந்த இடம் முழுக்கத் தொழிலுக்கே என்று இருக்க வேண்டும். லைசென்ஸ் பெற்ற டே கேருக்கு விதிவிலக்கு உண்டு. வழக்கமாகப் பயன்பட்டால் போதும். பரப்பு விகிதத்தையும் நேர விகிதத்தையும் பெருக்கி 8829 படிவத்தில் போடுவார்கள். பிள்ளைகள் போனபின் உங்கள் மனைவி துடைப்பதும், மறுநாளுக்குத் தயார் செய்வதும் நேரக் கணக்கில் சேரும். அந்த மணிகளை அவர் எழுதிவைக்கட்டும். துடைப்பத்தை நீங்கள் எடுங்கள்.

ஸ்டாக்டன் வாசகி: அரசு உதவித்தொகையில் வரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். சங்கம் என்கிறார்களே, சேரலாமா?

சேருங்கள். பதினேழு வருடம் போராடி, 2019-இல் சட்டம் வந்து, 2020-இல் வாக்களித்தவர்களில் 97 சதவீதம் பேர் ஆதரித்து உருவானது சைல்ட் கேர் புரொவைடர்ஸ் யூனைட்டெட். அரசோடு உட்கார்ந்து உங்கள் தொகையைப் பேசுவது அவர்கள்தான். அதற்கு முன் அந்த மேஜையில் நமக்கு நாற்காலியே கிடையாது.

பெயர் வேண்டாம் என்ற வாசகி: காலை ஏழிலிருந்து மாலை ஆறு வரை பெரியவர்கள் யாரோடும் பேசுவதில்லை. பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருக்கிறேன். ஆனால் போன வாரம் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நிமிடம் அழுதேன். நான் இந்த வேலைக்குத் தகுதியில்லாதவளா?

இல்லை. தனியாக விடப்பட்டவர்.

தனியாகவே இருக்க வேண்டியதில்லை. 1973-இல் பே ஏரியாவில் சில தாய்மார்கள் கூடி, யார் வீட்டில் பிள்ளை பார்க்கிறார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளத் தொடங்கியதுதான் ‘பனானாஸ்’ அமைப்பு. இன்று கலிஃபோர்னியாவின் ஒவ்வொரு கவுண்ட்டியிலும் அப்படி ஒரு ரிசோர்ஸ் அண்ட் ரெஃபரல் அலுவலகம் இருக்கிறது. பெற்றோருக்கு டே கேர் தேடித் தருவதோடு, உங்களைப் போன்றவர்களைச் சேர்த்து உட்கார வைப்பதும் அவர்கள் வேலை. மாதம் ஒரு சனிக்கிழமைக் கூட்டம் பல இடங்களில் நடக்கிறது. முதல் கூட்டத்துக்கு நான் போனபோது பஞ்சாபிப் பெண் ஒருவர், மெக்சிகோப் பெண் ஒருவர், நான் மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தோம். யாருக்கும் ஆங்கிலம் சரளம் இல்லை. முதுகு வலிக்கு எந்தப் பக்கமாகக் குனிய வேண்டும் என்று எழுந்து நின்று செய்து காட்டிக்கொண்டோம். அந்த மெக்சிகோ அம்மாதான், எனக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள், பெற்றோரின் சம்மதத்தோடு என்னிடம் வரும் இரண்டு பிள்ளைகளைத் தன் வீட்டில் பார்த்துக்கொண்டார்.

நாளை மதியம் பிள்ளைகள் தூங்கும்போது அந்த அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். ‘வீட்டு டே கேர் நடத்துகிறேன், என்னோடு பேச ஒருவர் வேண்டும்’ என்று மட்டும் சொல்லுங்கள். அழுகை தினமும் வந்தால் டாக்டரையும் பாருங்கள். உங்கள் ஊரையும் எண்ணையும் பத்திரிகை அலுவலகத்தில் கொடுத்து வைத்தால், மாலை ஆறரைக்கு நானே கூப்பிடுகிறேன்.